தவறான ஆளை நிறுத்துகிறவர்

என் வீட்டுக்காரர் மரிய அருணைப் பற்றிக் கேட்டால் எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். நல்ல மனுஷன், வாயைத் திறக்க மாட்டார். நல்ல மனுஷன்தான், ஒத்துக்கொள்கிறேன். வாயைத் திறக்காத ஆளோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நான் பெரிய மார்க்கெட்டில் வாழை இலை விற்கிறவள். விடிந்ததிலிருந்து கத்தினால்தான் இலை போகும். வீட்டுக்கு வந்தால் எதிரில் ஒரு ஊமைக்கோட்டான்.

அவருக்குத் தட்டாஞ்சாவடியில் வேலை. பிளாஸ்டிக் குடம், வாளி அச்சடிக்கும் மிஷினை ஓட்டுகிறார். வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு, போனோடு உள் அறையில் உட்கார்ந்துவிடுவார். போனில் அவர் பார்ப்பது ஒரு பந்து விளையாட்டு. அதையும் அவர் ஆடுவதில்லை. ஆட ஆளை நிறுத்துவதோடு அவர் வேலை முடிந்தது. ஒரு டீமுக்கு அவர்தான் மேனேஜர். யார் எங்கே நிற்பது, எப்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே போட்டு வைத்துவிட வேண்டும். மேட்சைக் கம்ப்யூட்டரே நடத்தி முடித்து, நடந்ததை வரி வரியாக எழுதிக் காட்டும். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்களெல்லாம் இதே மாதிரி டீம் வைத்துக்கொண்டு மோதுகிறார்கள்.

இதில் அவரை மாட்டிவிட்டது தம்பி சூசை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் நெல்லித்தோப்பில் மாதா கோயில் மைதானத்தில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள். ஃபுட்பால் என்ற பேரைப் பார்த்து சூசை ஆசைப்பட, இவர்தான் இரண்டு பேருக்கும் கணக்குத் திறந்தார். இரண்டுக்கும் பாஸ்வேர்டு அவர்கள் அம்மாவின் பேர். திறந்து ஆளெல்லாம் சேர்த்த பிறகுதான் அது அமெரிக்கக்காரன் ஆடுகிற ஆட்டம் என்று தெரிந்தது. பந்து பப்பாளிப் பிஞ்சு மாதிரி இரண்டு பக்கமும் கூம்பி இருக்கிறது. அதைக் கையில் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

கால் பந்தில் படுவது எப்போதோதான். ஆட்டத்தைத் தொடங்க ஒருவன் உதைப்பான். முன்னேற முடியாமல் போனால் தூரமாக உதைத்துத் தள்ளுவான். இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பான். இதற்கென்று தனி ஆட்களை நிறுத்த வேண்டும், அதற்கு ஸ்பெஷல் டீம் என்று பேர். மற்ற மேனேஜர்கள் இதைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார்களாம். எங்கள் வீட்டு ஆட்களுக்கு மட்டும் ஸ்பெஷல் டீம்தான் உயிர். காலே படாத ஆட்டத்தில் கால் படுகிற இடம் அது ஒன்றுதானே.

ஆட்களுக்கு நாமே பேர் வைக்கலாம். சூசையின் டீமில் இருந்தவர்கள் முழுக்கத் தெரிந்த முகங்கள். சைக்கிள் கடை அக்பர் அலி பாய்தான் உதைக்கிறவர். டீக்கடை கோவிந்தராசு முன்வரிசையில் மலை மாதிரி நின்று எதிராளியைத் தடுக்கிறவர். உதைக்கும்போது பந்து சாயாமல் ஒருவன் மண்டியிட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும், அந்த ஆளுக்கு சூசை தன் பேரையே வைத்திருந்தார். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும், 'சூசை பந்தைப் பிடித்தார், அக்பர் அலி உதைத்தார்' என்று போனில் ஆங்கிலத்தில் வரும். இவர் எனக்குத் தமிழில் படித்துக் காட்டிச் சிரிப்பார். அவர் சிரிப்பதை நான் பார்த்ததே அந்த நேரங்களில்தான்.

தம்பியின் ஸ்பெஷல் டீமை மட்டும் இவரால் ஒன்றும் செய்ய முடியாது. காற்று பலமாக இருந்தால் ஒரு ஆள், மழைக்கு ஒரு ஆள், கடைசி நிமிஷத்தில் தோற்றுக்கொண்டிருந்தால் குட்டையாக உதைத்துப் பந்தைத் தாங்களே அமுக்கிக்கொள்ள ஒரு கூட்டம் என்று அவ்வளவு நுணுக்கமாக இருக்கும். "அவன் மண்டைக்குள்ள இன்னாதான் இருக்குதோ" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

சூசை வேன் ஓட்டினார். கனகசெட்டிக்குளத்தில் வீடு. அவர் மனைவி ஸ்டெல்லாமேரி அங்கே பால்வாடியில் வேலை பார்த்தாள். ஸ்டெல்லாவும் என் வீட்டுக்காரரும் நேருக்கு நேர் பேச மாட்டார்கள். புருஷனுடைய அண்ணன் எதிரில் நின்று பேசக்கூடாது என்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். இவருக்கும் அது வசதியாகப் போய்விட்டது. ஒரே கூடத்தில் இவர் இந்த மூலையில் இருப்பார், அவள் அந்த மூலையில் நின்றுகொண்டு, "அக்கா, மாமா இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்குறாரான்னு கேளுங்க" என்பாள். நான் கேட்பேன். "போதும்னு சொல்லு" என்பார் இவர். நானும் வெட்கமில்லாமல் அதைத் திருப்பிச் சொல்வேன். கல்யாணம் ஆன நாள் முதல் அவர்களுக்கு நடுவில் நான்தான் தபால்காரி.

போன மாசி மாதம் சூசை காணாமல் போனார்.

வேலை இல்லாத நாட்களில் பக்கத்து வீட்டு மீனவன் அம்மாவாசையோடு சும்மா கடலில் படகில் போய்வருவது அவருக்கு வழக்கம். அன்றும் அப்படித்தான் போனார். நல்ல வெயில், அலையும் இல்லை. கரைக்குத் திரும்பி வந்த அம்மாவாசை மணலில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சையே பேசினான். "பின்னால ஒக்காந்து பீடி பத்தவெச்சாரு. பொகை வாசன எனக்கு வந்துச்சு. திரும்புனேன், ஆளக் காணோம். தண்ணி சத்தங்கூட கேக்கல." எல்லாப் படகுகளும் போய்த் தேடின. உடல் கிடைக்கவில்லை. சட்டைப்பையில் இருந்த போனும் அவரோடு போய்விட்டது.

உடல் இல்லாத சாவு பொல்லாதது. அழுவதற்குக்கூட ஒரு பக்கம் திரும்பி உட்கார முடியவில்லை. பங்குச் சாமியார் சூசை ஆத்துமாவுக்காகப் பூசை வைக்கலாம் என்றார். வருகிற கல்லறைத் திருநாளுக்கு முன்பாக உப்பளம் கல்லறைத் தோட்டத்தில், மாமனார் மாமியார் பக்கத்தில், பேருக்கு ஒரு சிலுவையாவது நடுவோம் என்றார்கள் சொந்தக்காரர்கள். நான் ஸ்டெல்லாவிடம் போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. "வேணாங்க்கா. அவரு இருக்காரு" என்றாள்.

சரி, பாவம், மனசு ஒப்பவில்லை என்று வந்துவிட்டேன். வீட்டில் இவரிடம் சொன்னால், இவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "சிலுவை வேணாம். அவன் இருக்கான்" என்கிறார். அதே வார்த்தைகள். ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு பேர் ஒரே பேச்சைப் பேசினால் நடுவில் இருக்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

விடாமல் நச்சரித்ததில் ஒரு மத்தியானம் வாயைத் திறந்தார். அந்த விளையாட்டில் மேனேஜர் சில வாரம் வராவிட்டால் டீமைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடுவார்களாம். சூசை போய் மாதக்கணக்காகிறது, டீமைப் பிடுங்கவில்லை. அவர் டீமின் பக்கத்தில் 'மேனேஜர் இன்று வந்தார்' என்று இருக்கிறது. ஒவ்வொரு மேட்சுக்கும் யாரோ ஸ்பெஷல் டீமை நிறுத்துகிறார்கள்.

"வேற எவனாவது பண்ணுவான்" என்றேன்.

"எவனும் இப்டி பண்ண முடியாது. காத்துக்கு ஒரு ஆளு, மழைக்கு ஒரு ஆளு, எல்லாம் அப்டியே அவன் போடுறதுதான். அவன் மண்டதான் இது."

"ஸ்டெல்லா?"

"அவளுக்கு பந்து உருண்டையா சதுரமான்னே தெரியாதுன்னு அவனே சொல்லியிருக்கான்."

அதோடு நிற்கவில்லை. அம்மா பேரைப் போட்டு சூசையின் கணக்கையே திறந்து ஒரு சோதனை வைத்தாராம். அக்பர் அலி பாயை எடுத்துவிட்டு, உதைக்கிற இடத்தில் கோவிந்தராசுவை நிறுத்தினாராம். எங்கள் டீக்கடை கோவிந்தராசு குனிந்து செருப்பு மாட்டவே மூச்சு வாங்குகிறவர். மறுநாள் பார்த்தால் கோவிந்தராசு பழையபடி முன்வரிசையில் நிற்கிறார், உதைக்கிற இடத்துக்கு பாய் வந்துவிட்டார். மறுபடியும் மாற்றினார். மறுபடியும் சரியானது. "எங்கயோ கரை ஏறியிருக்கான், வெரோனி. எல்லாம் மறந்துபோயிருக்கும். இத மட்டும் மறக்கல" என்று சொல்லும்போது அவர் கண்ணில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. வெளியில் சொன்னால் கலைந்துவிடும், ஸ்டெல்லாவிடம் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து நானும் ஆட்டம் கண்டுபோனேன். வாரா வாரம் 'சூசை பந்தைப் பிடித்தார்' என்று போனில் வரும்போது, இவர் மெதுவாகத் தலையாட்டுவார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மார்க்கெட்டில் இலைக்கட்டைப் பிரிக்கும்போது பீடிப் புகை வந்தால் திரும்பிப் பார்ப்பேன். யாராவது மூட்டை தூக்குகிறவர் நிற்பார். அவர் சூசை இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது, பிறகு அப்படி நிம்மதிப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்பும்போது இவர் போனைத் தடவிக்கொண்டே, "இன்னிக்கும் கோவிந்தராசுவதான் நிறுத்தியிருக்கேன்" என்று முணுமுணுத்தார். பூசை முடிந்து நான் மட்டும் பஸ் பிடித்துக் கனகசெட்டிக்குளம் போனேன். ஸ்டெல்லாவுக்குக் குழம்பு கொண்டு போயிருந்தேன். கதவுக்குத் தாழ்ப்பாளே போடுவதில்லை அவள். உள்ளே போனால் இரண்டு தட்டு வைத்து இரண்டிலும் சோறு போட்டிருக்கிறாள். சூசையின் தட்டு அப்படியே இருக்கும், அது ஆறி அவலாகிற வரை இவளும் கை வைக்க மாட்டாள். கழுத்தெலும்பு இரண்டும் தனியாகத் தெரிந்தது. பால்வாடிக்குப் போவதையும் நிறுத்திவிட்டாளாம், அவர் வருகிற நேரம் வீடு பூட்டியிருக்கக்கூடாதாம்.

சாப்பிடச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் அரிசி டிரம் மேல் கிடந்த தன் போனை எடுத்துப் பார்த்தாள். பார்த்தவள் சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கிறேன்.

"பாருங்கக்கா, இன்னிக்கும் கோவிந்தராசுவ நிறுத்திவெச்சிருக்காரு."

அவள் கையிலிருந்த போனில் அதே பச்சைத் திடல், அதே பேர்கள். அவள் விரலால் கோவிந்தராசுவைத் தள்ளிவிட்டு அக்பர் அலி பாயை இழுத்து வைத்தாள். அரிசியில் கல் பொறுக்குகிற லாவகத்தில் செய்தாள்.

கேட்கக் கேட்கச் சொன்னாள். ஆரம்பத்திலிருந்தே ஸ்பெஷல் டீமை நிறுத்தியது அவள்தான். சூசைக்கு அதெல்லாம் மண்டையில் ஏறாது. உதைக்கிற ஆள் எத்தனை தூரம் உதைப்பான், எவன் காற்றில் தடுமாறுவான் என்று உட்கார்ந்து பார்த்தது இவள். மாமாவை ஜெயிக்கிறது தம்பி பெண்டாட்டி என்று தெரிந்தால் மரியாதையாக இருக்காது என்று இரண்டு பேரும் மறைத்துவிட்டார்கள். சூசை செய்கிற ஒரே வேலை, இவளைச் சீண்டுவதற்கு யாருக்கும் தெரியாமல் கோவிந்தராசுவை உதைக்கிற இடத்தில் நிறுத்திவிட்டுப் போவது. இவள் திட்டிக்கொண்டே சரி பண்ணுவாள். அவர் போன பிறகும், டீமைப் பிடுங்கிவிடப் போகிறார்களே என்று விடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள் திறந்தால் கோவிந்தராசு நிற்கிறார்.

"போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப்னு வருது. பேச முடியாத எடத்துல இருக்காரு போல. இதயாவது பண்றாரே. மாமாகிட்ட சொல்லிடாதீங்கக்கா, பைத்தியம்னு நெனச்சுக்குவாரு."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கடல் பக்கம் பார்க்காமலே வந்தேன். நான் மனசில் எதையும் வைத்துக்கொள்கிறவள் இல்லை. இலை பழுப்பாக இருந்தால் வாங்க வருகிறவளிடம் பழுப்பு என்றே சொல்லிவிடுவேன். இதை எப்படிச் சொல்வது? இவர் கோவிந்தராசுவை நிறுத்துகிறார், அவள் எடுக்கிறாள். இவருக்கு அது தம்பி, அவளுக்கு அது புருஷன். நடுவில் யாருமே இல்லை என்று சொன்னால், இதுவரை சாகாத சூசை என் வாயால் சாவார். சொல்லாமல் விட்டால் அவள் அந்த இரண்டு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தே போய்விடுவாள்.

சொல்லாமல்தான் இருந்தேன். அப்புறம் ஒரு நாள் தட்டாஞ்சாவடியிலிருந்து இவரோடு வேலை செய்கிற சிலம்பரசன் இவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மிஷினில் அச்சு மூடுகிற நேரத்தில் கையை உள்ளே விட்டுவிட்டாராம், சிலம்பரசன்தான் இழுத்திருக்கிறான். "போனையே பாத்துனு இருக்காருக்கா. கூப்டாகூட காதுல வுழல" என்றான். கையில் ஒரு கீறல் மட்டும்தான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன், பிறகு கெட்ட கோபம் வந்தது. ஒருத்தரைக் கடல் கொண்டுபோனது போதும்.

மறுநாள் நானே போய் ஸ்டெல்லாவைக் கூட்டிவந்து கூடத்தில் உட்கார வைத்தேன். இவர் வழக்கம்போல உள் அறையில் இருந்தார். நடுவில் திரைச்சேலை. உச்சி வெயில் தரையில் விழுந்துகொண்டிருந்தது, தெருவில் சத்தமே இல்லை.

"ஸ்டெல்லா, போன எடுத்துத் தொற. எதயும் மாத்தாத. சும்மா பாத்துனு இரு" என்றேன்.

உள்ளே போய் இவரிடம், "கோவிந்தராசுவ நிறுத்துங்க" என்றேன்.

"இப்பவா?"

"இப்பவே."

என் முகத்தைப் பார்த்தவர் மறுபேச்சுப் பேசாமல் நிறுத்தினார். நான் திரைக்கு இந்தப் பக்கம் வந்தேன். ஸ்டெல்லா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணெதிரில் பாய் மறைந்து கோவிந்தராசு வந்து நின்றார். அவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். பிறகு என்னை. குனிந்து, கோவிந்தராசுவைத் தள்ளி பாயை வைத்தாள்.

உள்ளே இவர் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. வெளியில் காக்காய்கூடக் கத்தவில்லை. அந்த நேரத்தில் எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் சூசை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார் என்றுதான் எனக்குப் பட்டது. படகில் நடந்த மாதிரியே, சத்தமில்லாமல்.

"மாமா" என்றாள் ஸ்டெல்லா. என்னிடம் சொல்லச் சொல்லவில்லை, அவளே கூப்பிட்டாள். "நீங்களா மாமா?"

"நாந்தாம்மா." திரைக்கு அந்தப் பக்கமிருந்து இவர் குரல். "அப்ப இத்தினி வருசமும் என்னத் தோக்கடிச்சது?"

"நாந்தான் மாமா."

இவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. ஸ்டெல்லா தரையில் தலையை முட்டிக்கொண்டு, முதல்முறையாக, புருஷன் செத்தவள் அழுகிற அழுகை அழுதாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அன்று சாயங்காலம் என் வீட்டில் ஒரே தட்டு வைத்து அவள் சாப்பிட்டாள்.

கல்லறைத் திருநாள் அன்று உப்பளத்தில் கூட்டம் அலைமோதியது. சுண்ணாம்பு அடித்த கல்லறைகள் மேலெல்லாம் பூவும் மெழுகுவர்த்தியும். மாமனார் மாமியார் பக்கத்தில், கீழே ஒருவரும் இல்லாத மண்ணில், சூசை என்று எழுதிய சிலுவை நின்றது. சாமியார் தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். கடல் பக்கமிருந்து வந்த காற்றில் மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருந்தது. இவர் சிலுவை அருகில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மெழுகுவர்த்தியை மறைத்துப் பிடித்துக்கொண்டார்.

ஸ்டெல்லா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்தாள். பழையபடி தபால்காரி வேலை வந்துவிட்டது எனக்கு.

"அக்கா, மாமாகிட்ட சொல்லுங்க. நாளிக்கு மேட்ச் இருக்கு."

"அதுக்கு?"

"தப்பான ஆள நிறுத்திவெக்கச் சொல்லுங்க. நா சரி பண்ணிக்கிறேன்."

எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தார் இவர். எல்லாம் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, நான் திரும்பி ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இவர் மெழுகுவர்த்தியை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கோவிந்தராசுவை நிறுத்தினார்.